மூன்றாம் மாடி வைரம்

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே ஒரு மருந்துக்கடை இருக்கிறது. தலைவலி மாத்திரை கேட்டால் முதலில் ஒரு செய்தி தருவார்கள், மாத்திரை அப்புறம்தான். போன மாதம் கிடைத்த செய்தி: மூன்றாம் மாடி அக்கா வீட்டில் வைரம் தொலைந்துவிட்டது.

"யார் சொன்னாங்க?" என்றேன்.

"யாராவது சொல்லணுமா சார்? புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் நாலு நாளா தரையில தவழ்றாங்க. எதிர்வீட்டுக்காரர் கண்ணால பார்த்திருக்கார். கையில டார்ச் வேற."

"தவழ்ந்தா வைரமா?"

"நாப்பத்தஞ்சு வயசுல சும்மா தவழ்வாங்களா?"

மாத்திரையை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். முடிவெட்டும் கடைக்குப் போவதற்குள் வைரம் இரண்டாகியிருந்தது. லிஃப்டுக்குக் காத்து நின்றால் அது முழு அட்டிகையாகிவிடும் என்று பயந்து படியேறினேன்.

கதவைத் திறந்தவர் அக்காவின் வீட்டுக்காரர், பஸ் டிப்போவில் மெக்கானிக். இரண்டு முழங்காலிலும் தலையணை உறையைச் சுற்றிக் கட்டியிருந்தார். கையில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம். நான் வழக்கம்போலக் குனிந்ததும் அலறினார்.

"செருப்பைக் கழட்டாதீங்க! உள்ள ஊசி இருக்கு!"

செருப்போடு வா என்று கெஞ்சிய முதல் வீடு அதுதான்.

ஆக, வைரம் இல்லை, ஊசி. அதுவும் தலைமுடியைவிடக் கொஞ்சமே தடித்த, மணி கோக்கிற ஊசி. அக்கா சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். முகம் துக்க வீட்டு முகம். பக்கத்தில் ஒரு தட்டு. நாலு நாளாகக் காந்தம் பிடித்த சாமான்கள் அதில் கிடந்தன: கொண்டை ஊசி, பேனா ஸ்பிரிங், யாருடைய சட்டையிலிருந்தோ விழுந்த கொக்கி, எப்போதோ விற்றுவிட்ட பீரோவின் சாவி. தேடிய ஊசி மட்டும் இல்லை.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருக்கு வேலை ரயில் நிலைய வாசலில். பயணிகள் பையைப் பெல்ட்டில் வைத்தால், அது கூண்டுக்குள் போகும்போது உள்ளே இருப்பதைத் திரையில் பார்க்கிற வேலை. ஊரில் பாதிப் பேருடைய பையை அவர் திறக்காமலே பார்த்திருக்கிறார். அதில் பெருமை ஒன்றும் இல்லை அவருக்கு.

"எல்லாம் மூணே கலர்தான். சாப்பாடு ஆரஞ்சு, புஸ்தகம் ஆரஞ்சு, பட்டுத் துணி ஆரஞ்சு. கண்ணாடி கிண்ணாடின்னா பச்சை. இரும்புன்னா நீலம். பணக்காரன் பையும் அப்படித்தான், ஏழை பையும் அப்படித்தான். எட்டு மணி நேரம் இதையே பார்த்துட்டு வந்தா ஒரு ரோஸ் கலருக்குக் கண்ணு ஏங்கும்."

அந்த ஏக்கத்தில்தான் பொடிமணி வாங்க ஆரம்பித்தார். கடுகு அளவில் இருக்கும் கண்ணாடி மணி. போனில் வீடியோ பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டார். ரோஸ், கத்திரிப்பூ, வெண்கலம், மயில் கழுத்து என்று சின்னச் சின்ன டப்பாக்களில் அலமாரி நிறைந்தது. கைவேலை நேர்த்திதான், ஒரே ஒரு குறை. தோடு செய்தால் ஒன்று செய்வார், ஜோடி செய்யமாட்டார். முதல் தோட்டை முடித்ததும் அது எப்படி வரும் என்று தெரிந்துபோய்விடுகிறதாம். தெரிந்த கதையை மறுபடி யார் படிப்பார்கள்? டிராயர் முழுக்க ஒற்றைத் தோடு.

"ஒரு பக்கமா படுத்துத் தூங்கறவங்களுக்குன்னு கடை போடலாம்" என்றார் வீட்டுக்காரர், கட்டிலுக்கு அடியிலிருந்து.

சரி, ஒரு ஊசிக்கா இந்தப் பாடு? ஊசிக்கு இல்லை. அக்காவின் தங்கைக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை. இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறது. தங்கை புருஷன் வேலையாக வெளியூர் போகிறார், அதனால் தாயும் பிள்ளையும் இரண்டு மாதம் இங்கே தங்குவதாக ஏற்பாடு. அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றியும் மருந்துக்கடையில் ஒரு செய்தி உண்டு, அதை நான் சரிபார்க்கவில்லை. ஊசி செருகி வைக்கிற ஸ்பாஞ்சில் ஒன்று குறைகிறது என்று அக்கா வாய் தவறிப் போனில் சொல்லிவிட்டார். அதோடு ஏற்பாடு நின்றுபோனது.

நான் இருக்கும்போதே தங்கை போனில் வந்தாள்.

"கெடைச்சுதா?"

"தேடறோம்டி. காந்தம் வச்சு மூலை முடுக்கெல்லாம் பார்த்தாச்சு."

"அக்கா, இவ கையில கெடைக்கறது எல்லாம் நேரா வாய்க்குத்தான் போகுது. நேத்து என் செருப்பு. ஊசி கெடைக்கட்டும், அப்புறம் வர்றோம்."

"கெடைக்கலைன்னா?"

 அந்தப் பக்கம் குழந்தை எதையோ தட்டுகிற சத்தம். அக்கா போனைக் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மணிகள், நூல்கள், ஒற்றைத் தோடுகள், போன வாரம் முடித்த கத்திரிப்பூ நிற மாலை எல்லாவற்றையும் ஒரே பையில் அள்ளிப்போட்டார். உள்ளே கூடாக, விரல் தடிமனில் கயிறு மாதிரிப் பின்னிய மாலை அது. குழந்தை வரும் நாளில் போட்டுக்கொள்ளலாம் என்று செய்தது. மீதி ஊசிகளை ஸ்பாஞ்சோடு வீட்டுக்காரர் டிப்போவுக்குக் கொண்டுபோய்விட்டார். பையை ரயில் நிலையத்தில் தன்னோடு வேலை பார்க்கும் சின்னப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, வீட்டில் மணி என்ற பேச்சையே ஒழிப்பதாகத் திட்டம். அன்று அக்கா ரோஸ் டப்பாவை மட்டும் இரண்டு தடவை வெளியே எடுத்து மறுபடி உள்ளே போட்டாராம். இது வீட்டுக்காரர் சொன்னது.

அடுத்து நடந்ததை அந்தச் சின்னப் பெண்ணே எனக்குச் சொன்னாள். வேலையாட்கள் பையும் பெல்ட்டில் போயே ஆக வேண்டும். திரைக்கு முன்னால் இருந்தவள் இவள். அக்கா பை கூண்டுக்குள் போனதும் பெல்ட்டை நிறுத்திவிட்டாள்.

"அக்கா, உள்ள ஊசி வச்சிருக்கீங்க."

"ஊசியெல்லாம் உங்க மாமா எடுத்துட்டுப் போயிட்டார். இது வெறும் மணிடி. விடு."

"மணி பச்சையா வளைஞ்சு வளைஞ்சு கெடக்கு. நடுவுல நீலமா ஒரு கோடு நேரா நிக்குது. வளையற சாமானுக்குள்ள நேர்கோட்டுக்கு என்ன வேலை?"

அக்கா சுற்றி வந்து திரையைப் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாதபடி குலுங்கினார். வரிசையில் நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள்.

நடந்தது இதுதான். மாலை பின்னும்போது ஒருநாள் சோபாவிலேயே தூங்கிப்போயிருக்கிறார். நூலிலிருந்து நழுவிய ஊசி, கூடான மாலைக்குள் வழுக்கி இறங்கிவிட்டது. மறுநாள் வேறு ஊசியை எடுத்துப் பின்னி, மாலையின் வாயையும் மூடி, மேலே முத்து வைத்து அழகு பார்த்தாகிவிட்டது.

"ஒரு இடத்துல மட்டும் விறைப்பா இருந்துச்சு. நம்ம பின்னல் அவ்வளவு இறுக்கமா வந்திருக்குன்னு எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா!" என்றார் பிற்பாடு.

டிப்போவில் ஊசிகளை வைத்து, லீவும் சொல்லிவிட்டு வந்து வீட்டில் தவழ்ந்துகொண்டிருந்த கணவருக்குப் போன் செய்து, "எந்திரிங்க" என்றார். "போதும், எந்திரிங்க." அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. எழுந்திருக்க அதைவிட நேரம் ஆனது.

மருந்துக்கடை சும்மா இருக்குமா? மதியத்துக்குள் செய்தி வந்துவிட்டது: மூன்றாம் மாடி அக்காவை ரயில் நிலையத்தில் பிடித்துவிட்டார்கள், பைக்குள் வைரத்தோடு.

மாலையை வெட்டித்தான் ஊசியை எடுக்க முடிந்தது. படம் எடுத்து அனுப்பியும் தங்கை எளிதில் மசியவில்லை.

"ஏதோ ஒரு ஊசியைப் படம் எடுத்து அனுப்பிட்டு அதான் இதுன்னா?"

கடைசியில் சின்னப் பெண் போனில் பேசித் தன் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் பண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை தாயும் பிள்ளையும் வந்து இறங்கினார்கள். ஊசிகளுக்கு இப்போது மூடி போட்ட தகர டப்பா, அடியில் அதே காந்தம். மணிகள் பழையபடி அலமாரியில், அதற்குப் பூட்டு. சாவி தங்கையிடம், குழந்தை தூங்கினால்தான் கைக்கு வரும். குழந்தை வீடெல்லாம் தவழ்கிறது, பின்னாலேயே பெரியப்பாவும். கட்டிலுக்கு அடியில் எங்கே தலை இடிக்கும், எங்கே இடிக்காது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அக்கா சோபாவிலிருந்து காலைத் தரையில் இறக்கி வைத்திருக்கிறார், வெறுங்காலை. நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனேன்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுதலாம்தான். ஆனால் அந்தச் சின்னப் பெண்ணுக்கு வரவேண்டிய மாலை போய்விட்டதே. அதற்குப் பதிலாக ஒரு ஜோடி ரோஸ் தோடு தருவதாக அக்கா வாக்குக் கொடுத்தார். ஒரே வாரத்தில் ஒன்றைக் கொடுத்தும்விட்டார்.

அவள் அதை வலது காதில் மாட்டிக்கொண்டு, இடது காதை மொட்டையாக விட்டு, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அக்கா பை வரும்போதெல்லாம் பெல்ட்டை ஒரு நொடி நிறுத்துகிறாள்.

"உள்ள தோடு எதுவும் தெரியலையே அக்கா?"

"நாளைக்கு" என்கிறார் அக்கா.