என் கைக்குப் பொருந்திய ஹேண்டில்

என் மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் கையை மாரியம்மனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். மகளுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து, வாயில் விட்ட தண்ணீர்கூட இறங்காமல் கடைவாயில் வழிந்த நாள் அது. இலங்கைக்குச் சுதந்திரம் வந்து பத்து வருடம் ஆகியிருக்கும். நாங்கள் மலைநாட்டில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். பிள்ளையை ஆஸ்பத்திரியில் என்னிடம் விட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடியவள், மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "புள்ள பொழச்சா நீங்க தீச்சட்டி எடுக்கிறதா நேந்துகிட்டேங்க" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. நல்லதாக இரண்டு கைகளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, என்னுடைய கோணக்கையைப் போய் யாராவது சாமிக்கு நேர்வார்களா?

அந்தக் கையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின வருடம், தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து வலது முன்கையை முறித்துக்கொண்டேன். எலும்பு கூடிவிட்டது. ஆனால் உள்ளங்கை வானத்தைப் பார்க்க மறுத்துவிட்டது. பாதி திரும்பும், அதற்கு மேல் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிடும். கோயிலில் விபூதி வாங்கினால் சரிந்து தரையில் கொட்டும். சோற்றைக் கை வாய்க்குக் கொண்டுவராது. நான்தான் வாயைக் கைக்குக் கொண்டுபோக வேண்டும். யாரும் பார்க்கக் கூடாதென்று சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவேன். தொழிற்சாலையில் இந்தக் கை உதவாதென்று சில்லறை வேலைக்கு அனுப்பி, நாள் முழுக்க நின்றாலும் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் போட்டார்கள். அதிலிருந்து நான் யாருடனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மகள் பிழைத்துவிட்டாள். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. டாக்டரய்யாவே கையை விரித்துவிட்ட பிள்ளை, ஒரு காலையில் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள். தலைமுடி கொட்டி, கைகால் ஈர்க்குச்சியாகி, ஆனால் உயிரோடு கேட்டாள். சாமி விஷயத்தில் அரைகுறை நம்பிக்கைக்காரன் நான். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஆகாயத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

திருவிழாவுக்கு நாலைந்து மாதம் இருந்தது. தீச்சட்டி என்பது வாய் அகன்ற மண்சட்டி நிறையக் கனியும் நெருப்பு. ஆற்றங்கரையில் மூட்டி, இரண்டு கையாலும் ஏந்தி, மேட்டிலிருக்கும் கோயில்வரை இறக்காமல் ஏறவேண்டும். "நடுவுல மட்டும் விழுந்துறக் கூடாதுங்க" என்று மனைவி ஒரே ஒரு முறை சொன்னாள். விழுந்தால் என்ன ஆகும் என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொடுத்த அம்மனே திருப்பி எடுத்துக்கொள்வாள் என்பதுதான் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாருடைய பேச்சும். மனைவி இரவில் எழுந்து எழுந்து மகளின் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பதை நான் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

கைக்குப் பலம் வர, தினமும் ஏதாவது பாரத்தைப் பிடித்து முழங்கையை மடக்கி மடக்கித் தூக்கச் சொன்னார் டாக்டரய்யா. முதலில் கிடைத்தது அலவாங்கு. மண் தோண்டும் நேரான இரும்பு. இரண்டு கையாலும் அடியில் ஏந்திப் பிடித்துத் தூக்கினேன். நல்ல கை உள்ளவர்களுக்கு நேர்க்கம்பியின் கொடுமை தெரியாது. அதைப் பிடிக்க இரண்டு உள்ளங்கையும் ஒன்றுபோல் வானத்தைப் பார்க்க வேண்டும். என் வலது கை பாதியில் நிற்க, மிச்சப் பாதியை மணிக்கட்டு முறுக்கித் தந்தது. முழங்கைவரை வலி பிடுங்கியது. அலவாங்கை விட்டுத் தண்ணீர்க் குழாயைப் பிடித்தேன். அது பருமன் வேறு, கைக்குள் உருண்டது. மூங்கிலையும் பார்த்தேன். எல்லாமே நேர். குற்றம் கம்பியில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கைதான் கோணல் என்று பல்லைக் கடித்துத் தூக்கியதில் மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க நானும் மனைவியும் அக்கரபத்தனைக்குப் போனோம். ஏற்றத்தில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். தினம் பார்க்கிற காட்சிதான். அன்றைக்கு என் கண் அவர் கைகளில் நின்றது. இரண்டு உள்ளங்கையும் மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சுகமாகக் கிடந்தன. நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். மனித மணிக்கட்டு எப்படி இருக்க விரும்புகிறது என்று எவனோ ஒருவன் உட்கார்ந்து யோசித்து இரும்பை வளைத்திருக்கிறான்! அவனை நினைக்க எனக்குப் பிரமிப்பாக இருந்தது.

நேராகச் சைக்கிள் கடைக்குப் போனோம். "ஒரு பழைய ஹேண்டில் வேணும் நானா" என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்; அந்தக் கடைக்கார நானா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சைக்கிள் எங்க தம்பி?"

"சைக்கிள் இல்ல. ஹேண்டில் மட்டும் போதும்."

"நல்லது. வீட்டுக்குள்ளயே ஓட்டலாம், போலீஸும் பிடிக்காது" என்று சிரித்துக்கொண்டே மூலையில் கிடந்த குவியலைக் காட்டினார்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். ஒன்று கிட்டத்தட்ட நேர்க்கம்பி; தொட்டவுடனே கீழே வைத்தேன். பந்தயச் சைக்கிளுடையது ஆட்டுக்கடாக் கொம்புபோல் கீழே சுருண்டிருந்தது. அதில் கை வைக்க இடமே தெரியவில்லை. இன்னொன்று பளபளப்பாக, பிடி புதிதாக இருந்தது. அதையே எடுத்துக்கொள்ளலாம் என்றேன். மனைவி தலையாட்டினாள்.

"வேணாங்க. அதப் புடிக்கிறப்ப ஒங்க தோளு மேல ஏறுது. வலிச்சாத்தான் அப்படி ஏத்துவீங்க."

அடியில் கிடந்த ஒன்றை அவளே இழுத்துத் தந்தாள். துருப்பிடித்தது, அகலம் குறைவு, பிடிகள் இரண்டும் என் இடுப்பைப் பார்த்து வளைந்திருந்தன. கண்ணை மூடிக்கொண்டு பிடித்தேன். வலிக்கவில்லை. முறிந்த நாளிலிருந்து அந்தக் கை எதைப் பிடித்தாலும் வலித்தது. இதைப் பிடித்தபோது வலிக்கவில்லை. கண்ணைத் திறந்தால் மனைவி என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதாங்க" என்றாள். ஹேண்டில் வாங்கப் பெண்சாதியைக் கூட்டி வந்த முதல் ஆள் நான்தான் என்று நானா சொன்னதற்கு எனக்குக் கோபம்கூட வரவில்லை.

ஹேண்டிலின் நடுத்தண்டில் வாளியைக் கட்டி, ஆற்று மணலைப் பிடிபிடியாகக் கூட்டினேன். வேலை விட்டு வந்ததும் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு முன்னால் நின்று தூக்குவேன். "என்னண்ணே, சைக்கிளு நுவரெலியா போயிச் சேந்துருச்சா?" என்று பக்கத்துக் காம்பராக்காரர்கள் கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். கழுத்துக்குக் கீழே எனக்கு ஒரு புது மனிதன் முளைத்துக்கொண்டிருந்தான். செத்துப்போனதாக நான் கைகழுவிவிட்ட தசை தினம் கொஞ்சம் எழுந்து வந்தது. உள்ளங்கையும் மயிரிழை மயிரிழையாகத் திரும்பியது.

ஒரு நாள் மகள் தானும் தொங்குவேன் என்று அடம்பிடித்தாள். வாளியைக் கழற்றிவிட்டுச் சாக்கைத் தொட்டிலாகக் கட்டி அவளை உட்காரவைத்துத் தூக்கினேன். பஞ்சு மாதிரி வந்தாள். அதன்பின் தினமும் கடைசியில் அவளைத்தான் தூக்குவேன். வாரம் போகப் போக அவள் கனத்தாள். ஒரு மாலையில் எவ்வளவு முக்கியும் தரையைவிட்டு அவள் கால் கிளம்பவில்லை. "ஒங்க மகளத் தூக்க முடியலீங்களா?" என்று மனைவி சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். தோற்றதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டவன் உலகத்தில் இருக்கமாட்டான்.

திருவிழா வந்தது. வேப்பிலை எங்கள் குளிருக்கு வளராது. கீழ்நாட்டிலிருந்து வந்த கொத்துகளைச் சட்டியைச் சுற்றிக் கட்டிக் கையில் வைத்தார்கள். வலது உள்ளங்கை முழுதாகத் திரும்பவில்லை. இடது கையால் அடியில் தாங்கி, வலது கையால் பக்கவாட்டில் அணைத்துப் பிடித்தேன். சாமி நெருப்பு சுடாது என்பார்கள். எனக்குச் சுட்டது, நன்றாகவே சுட்டது. பாதி மேட்டில் கை தளர்ந்து, சட்டி ஒருமுறை சாய்ந்து, கங்கு ஒன்று என் காலடியில் விழுந்தது. முழங்கையை இன்னும் மடக்கி, சட்டியை நெஞ்சோடு நிமிர்த்தினேன். கை கேட்டது! இத்தனை கூட்டத்துக்கு நடுவில் நான் சொன்னதைக் கேட்டது. அதன்பின் எப்படி ஏறினேன் என்று எனக்கு நினைவில்லை. சன்னிதியில் இறக்கியதும் மகளைத் தேடினேன். மிட்டாய் வாயோடு தாய்மாமன் தோளில் உட்கார்ந்திருந்தாள்.

கோயிலுக்குப் பின்னால் மனைவி என் கைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வந்தது.

"என்ன தைரியத்துல நீ எங் கைய நேந்த? நீயே எடுத்திருக்கலாமே? விழுந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

அவள் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "புள்ளயும் பொழைக்கணும், ஒங்க கையும் வரணும். ரெண்டு வரம் கேட்டா பேராசக்காரின்னு கோவிச்சுக்குவாளோன்னு பயமா இருந்துச்சு. அதான் ரெண்டையும் ஒண்ணா முடிஞ்சு கேட்டேன். கை வராம நேத்திக்கடனச் செலுத்த முடியாதுல்லங்க?"

மகளின் மூச்சு அடங்கிக்கொண்டிருந்த அந்த ஓட்டத்திலும் அவள் என்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டுதான் ஓடியிருக்கிறாள். எண்ணெய் தடவி முடிந்த பிறகும் கையை அவள் மடியிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.