ரயிலுக்கு உடைத்த சுவர்

விளக்கெண்ணெய் சூடேறும்போது ஒரு வாசனை வரும். அதோடு அடுப்புக்கரிப் புகையும் ஈரச் செங்கல்லின் நெடியும் சேர்ந்துகொண்டால், இந்த வயதிலும் எனக்கு அன்று ஞாயிற்றுக்கிழமை என்றுதான் தோன்றும், காலண்டரில் புதன் என்று போட்டிருந்தாலும் சரி. மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் என்றால் பேதிமருந்து. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் மட்டும் அந்த வாசனை கிளம்பியதும் பிள்ளைகள் எங்கள் வீட்டைப் பார்த்து ஓடி வந்தார்கள். ஏனென்றால் எங்கள் புறவாசலில் ரயில் ஓடியது. பொம்மை ரயில் என்று நினைத்துவிடாதீர்கள், எனக்குக் கோபம் வரும். கரி போட்டு, மசகுக்கு விளக்கெண்ணெய் விட்டு, தண்ணீர் கொதித்து, நீராவியில் ஓடிய ரயில். இஞ்சின் என் இடுப்பளவுகூட இல்லை. ஆனால் அதன் பின்னால் பலகையில் உட்கார்ந்து ஓட்டிய அப்பாவையும், அவருக்குப் பின்னால் பெட்டிகளில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்த எங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

அப்பா தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். சாயங்காலம் ஆபீஸ் விட்டால் மற்றவர்கள் டீக்கடைக்குப் போவார்கள், இவர் ஸ்டேஷனுக்குப் போய் மீட்டர்கேஜ் வண்டியின் இஞ்சினைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பார்த்துப் பார்த்து ஆசை முற்றிப்போய், தானே ஒன்று செய்வதென்று இறங்கிவிட்டார். சக்கரங்கள் லேத்துப் பட்டறையில் கடைந்து வந்தன. தண்டவாளத்துக்கு ஒரு சாண் இடைவெளியில் இரும்புப் பட்டைகள், குறுக்கே பனங்கட்டை. கொதிகலனுக்கு நல்ல செம்பு வேண்டுமென்று அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்த தவலையைப் பாத்திரக்காரரிடம் கொடுத்துத் தட்டிவிட்டார். அம்மா அதை அவர் சாகும்வரை சொல்லிக்காட்டினாள். "ஓடுறது உங்க ரயிலு இல்ல, எங்க அம்மை குடுத்த தவலை" என்பாள். அப்பா மறுத்துப் பேசியதே இல்லை.

ஆக, எல்லாம் தயார். ஆனால் எங்கள் புறவாசல் எங்கள் தெருவின் எல்லாப் புறவாசலையும் போல நீளம் உண்டு, அகலம் கிடையாது. ரயில் நேராக ஜம்மென்று போகும்; திரும்பச் சொன்னால் திரும்பாது. முதல் ஓட்டத்திலேயே வளைவில் தடம்புரண்டு துவைக்கிற கல்லில் போய் மோதி நின்றது. அப்பா கயிறும் சுண்ணாம்பும் வைத்துத் தரையில் வட்டம் போட்டுப் போட்டுப் பார்த்தார். வட்டம் எப்படிப் போட்டாலும் பாதி எங்கள் இடத்தில் விழுந்தது, மீதிப் பாதி சுவருக்கு அந்தப் பக்கம், தறிக்கார மாமா வீட்டுப் புறவாசலில் விழுந்தது.

தறிக்கார மாமா சொந்தத் தறி போட்டுச் சேலை நெய்தவர். ஆள் கனத்த உடம்பு, பேச்சு குறைவு. அவரும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. காரணம் வீட்டுப் பெண்கள். மாமா வீட்டு முருங்கைக் கிளை எங்கள் பக்கம் தாழ்ந்து வந்ததும், அம்மா அதில் காய் பறித்ததும், தறிக்கார அத்தை அதற்கு என்னவோ சொன்னதும், அம்மா அதற்கு என்னவோ சொன்னதும் ஆகி, இருவரும் முகம் கொடுத்துப் பேசியே வருஷக் கணக்காகியிருந்தது. அப்படிப்பட்ட வீட்டில் போய், "அண்ணாச்சி, நம்ம நடுச்சுவரை ரெண்டு இடத்துல ஒடைச்சுக்கிடலாமா?" என்று கேட்க எங்கள் அப்பாவுக்குத்தான் தைரியம் வரும். மாமா வெகுநேரம் யோசித்தாராம். பிறகு, "ஒடைச்சுக்கிடும்வே. ஆனா எங்க பக்கமும் ஒரு ஸ்டேஷன் வேணும். நிக்காமப் போனா ஒத்துக்கிட மாட்டேன்" என்றாராம்.

அப்படித்தான் சுவரில் இரண்டு ஓட்டை விழுந்தது. ஒன்று ரயில் போக, இன்னொன்று ரயில் வர. உட்கார்ந்திருக்கும் பிள்ளை குனிந்தால் தப்பிக்கும் உயரம். நாங்கள் அவற்றுக்கு "குனிபொந்து" என்று பெயர் வைத்தோம். அப்பா ஒவ்வொரு தடவையும் "தலை" என்று குரல் கொடுப்பார், நாங்கள் எல்லோரும் சேர்ந்து மடங்குவோம், ஒரு நொடி இருட்டு, பிறகு மாமா வீட்டு வெயில். அங்கே மூங்கில் கழிகளில் சாயம் தோய்த்த நூல் கற்றை கட்டிச் சிட்டம் சிட்டமாகத் தொங்கும், கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், குங்குமச் சிவப்பு. அதன் அடியில் ரயில் போகும். அந்தச் சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

டிக்கெட்டாக அப்பா கேட்டது ஒரு சொம்பு நல்ல தண்ணீர். எங்கள் ஊர்க் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றினால் கொதிகலனுக்குள் சுண்ணாம்பு கட்டிவிடும். குழாயில் வரும் குடிதண்ணீர்தான் வேண்டும். அதுவோ எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் அம்மாமார்களுக்குத் தெரியாமல் பானையிலிருந்து மொண்டு வந்துவிடும். பின்னாலேயே ஒரு தாய் வந்து, "குடிக்கத் தண்ணி இல்லாம மனுசன் கெடக்கான், ரயிலுக்கு நல்ல தண்ணி கேக்குதோ?" என்று சத்தம் போடுவாள். போட்டுவிட்டு, தானும் ஒரு சுற்று போய்விட்டு வீட்டுக்குத் திரும்புவாள்.

இதில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஒருநாள் மாமா வீட்டு ஸ்டேஷனிலிருந்து கிளம்பிய வண்டியின் கடைசிப் பெட்டியில் ஒரு கிண்ணம் நிறைய முருங்கைக்கீரை வந்தது. ஆள் இல்லை, பேச்சு இல்லை, கீரை மட்டும் வந்தது. அம்மா கிண்ணத்தையே முறைத்துப் பார்த்தாள். பிறகு கீரையை எடுத்துக்கொண்டு, வெறும் பாத்திரத்தைத் திருப்பக் கூடாதே என்று அதில் தோசைமாவு ஊற்றி அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டாள். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. புளிக்குழம்பு போகும், அதிரசம் வரும், சுண்டல் போகும், கறிவேப்பிலை வரும். பல வாரம் இப்படிப் பேசாமலே கொடுத்து வாங்கிய பிறகு, கடைசியில் ஒருநாள் அம்மா பொறுக்காமல் குனிபொந்துக்கு முன்னால் குத்தவைத்து, "மதினி, குழம்புல உப்பு கூடிருச்சா?" என்று கத்தினாள். "ரவ, ஒரு கல்லு உப்பு கூடத்தான்" என்று அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. அவ்வளவுதான். அதன்பிறகு அவர்கள் இருவரையும் பேச்சை நிறுத்த வைக்கத்தான் எங்களுக்குச் சிரமமாக இருந்தது.

இப்படியே போயிருக்கலாம். ஒரு புரட்டாசி மாதம், நல்ல காற்று. அடுப்புக்கரியில் பொறி பறக்கும் என்பதால் அப்பா புகைபோக்கியின் வாயில் கம்பிவலை மாட்டியிருப்பார். அன்று துடைப்பதற்காக வலையைக் கழற்றியவர் திரும்ப மாட்ட மறந்துவிட்டார். வண்டி மாமா வீட்டு ஸ்டேஷனில் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றபோது, மேலே தொங்கிய நூலில் பொறி விழுந்தது. பெரிய தீ ஒன்றும் இல்லை, ஒரு வாளித் தண்ணீரில் அணைந்துவிட்டது. ஆனால் தீபாவளிச் சேலைக்கென்று சாயம் போட்டு வைத்திருந்த நூல் சிட்டங்களில் கரும்பொத்தல் விழுந்துவிட்டது. நூலில் பொத்தல் விழுந்தால் அதைத் தைக்க முடியாது, அது வெறும் துண்டுதான்.

மாமா கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். சிட்டத்தைக் கையில் எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, "நூலு போச்சுவே. சேலை கேட்டு வாரவனுக்கு நான் என்னத்தைச் சொல்லுவேன்?" என்றார். அப்பா, கொதித்துக்கொண்டிருந்த இஞ்சினை வலை இல்லாமல் நூலுக்கடியில் மறுபடி ஓட்ட முடியாது, ஆறட்டும் என்று அங்கேயே விட்டுவிட்டு, தெருவைச் சுற்றி வாசல் வழியாகத்தான் வீட்டுக்கு வந்தார். மறுநாள் நாங்கள் எழுந்து பார்த்தபோது இரண்டு ஓட்டையும் செங்கல் வைத்து அடைத்தாகிவிட்டது. இஞ்சின் அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம்.

"போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்களேன்" என்று அம்மா சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். "நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேப்பேன்? எரிச்சவன் நான்லா" என்று ஒரே பதில். அப்பா ஸ்டேஷனுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாய்வுநாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எத்தனையோ வருஷ உழைப்பு அவருக்கு அந்த இஞ்சின். பிள்ளை மாதிரி என்று சொன்னால் பிள்ளையான எனக்கே வருத்தம், ஆனால் அதுதான் உண்மை. எனக்கு மாமாமேல் அடங்காத ஆத்திரம். மழை பிடித்தபோது பொறுக்க முடியாமல் துவைக்கிற கல்லில் ஏறி எட்டிப் பார்த்தேன். நூல் மூட்டையை மூடும் தார்ப்பாயை எடுத்து இஞ்சினைச் சுற்றிப் போர்த்தி, நாலு பக்கமும் கல் வைத்திருந்தார்கள். ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அன்று அவர் கூடுதலாக இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பிறகு ஆயுதபூஜை வந்தது. எங்கள் தெருவில் தறிச்சத்தம் அடங்கிக் கிடக்கும் நாள் அதுதான். அந்த அமைதியில் எல்லோர் வீட்டுப் பேச்சும் எல்லோருக்கும் கேட்கும். மாமா வீட்டில் ஒவ்வொரு தறிக்கும், மோட்டாருக்கும், ராட்டைக்கும், சைக்கிளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசை போட்டார்கள். போட்டுக்கொண்டே வந்த அத்தை, இரும்பென்று ஒன்று நம் இடத்தில் இருக்கும்போது அதை மட்டும் வெறும் நெற்றியாக விடுவதா என்று தார்ப்பாயை விலக்கி இஞ்சினுக்கும் பொட்டு வைத்து, பூச் சுற்றி, பொரிகடலை படைத்துவிட்டாள். வினை மறுநாள் காலையில் வந்தது. பூசை போட்ட சாமானை விஜயதசமியன்று ஒரு தடவையாவது ஓட்டியாக வேண்டும். தறிகளைப் பேருக்குக் கொஞ்சம் ஓட்டினார்கள், சைக்கிளை மிதித்தார்கள், ராட்டையைச் சுற்றினார்கள். இஞ்சினை என்ன செய்வது?

"பூசை போட்டுட்டு ஓட்டாம விட்டா நல்லாவா இருக்கும்?" என்று அத்தை.

"உன்னைய யாரு போடச் சொன்னா? அதை ஓட்ட எனக்கு என்ன தெரியும்?" என்று மாமா.

"தெரிஞ்சவரு அங்கன சுவரைப் பாத்து உக்காந்திருக்காருல்லா."

இந்தப் பக்கம் அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கடப்பாரை விழும் சத்தம் கேட்டது. ஒரு செங்கல் எங்கள் பக்கம் விழுந்தது, இன்னொன்று விழுந்தது, பிறகு செம்மண் தூசியோடு மாமாவின் முகம் அந்த ஓட்டையில் தெரிந்தது. "வே, வாரும். உம்ம வண்டிக்குப் பூசை போட்டாச்சு. ஓட்டணும்லா" என்றார்.

அப்பா சட்டை போடவில்லை, செருப்புப் போடவில்லை. அந்த ஓட்டை வழியாகவே தவழ்ந்து அந்தப் பக்கம் போய்விட்டார். வலையை மாட்டி, நூலையெல்லாம் வீட்டுக்குள் எடுக்கச் சொல்லி, கரி பற்றவைத்து, வண்டியை ஓட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். புகையால் வந்த கண்ணீர் இல்லை, நன்றாகவே அழுதார். பூச்சுற்றிய இஞ்சின் மட்டும் கல்யாணப் பெண்ணைப் போல் நிதானமாக வந்தது.

அதன்பிறகு இன்னொரு ஓட்டையும் திறந்தது; நூல் காயும் நாளில் ரயில் இல்லை என்று ஓர் ஏற்பாடு வந்தது. வேறெந்தத் தடையும் வரவில்லை. நான் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகித் திருநெல்வேலிக்குப் போனபின்பும் அந்த வண்டி ஓடியது. அத்தை போய்ச் சேர்ந்தாள். பிறகு அப்பாவும் போய்விட்டார். இஞ்சினைக் கூடத்தில் கொண்டுவந்து துணி போட்டு வைத்தோம்; அதை ஓட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை, எனக்கும் தெரியாது.

மாமாவை அவர் மகன் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போன அன்று நான் ஊரில் இருந்தேன். தெருவில் கார் நின்றது. நாங்கள் வாசலில் காத்துக்கொண்டிருக்கிறோம், புறவாசலில் யாரோ மூச்சிரைக்கும் சத்தம். போய்ப் பார்த்தால், அந்தக் கனத்த உடம்பை வைத்துக்கொண்டு, அந்த வயதில், மாமா குனிபொந்துக்குள் பாதி வந்து பாதி மாட்டிக்கொண்டு கிடக்கிறார். நானும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். "வாசல் வழியா வரக் கூடாதா அண்ணாச்சி?" என்று அம்மா ஏசினாள். "வாசல் வழியா நான் என்னைக்குத் தாயி வந்தேன்?" என்றார் மாமா. தண்டவாளத்தின்மேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, மகன் கை கொடுக்க, தெரு வழியாகப் போனார். அவரை நாங்கள் மறுபடி பார்க்கவில்லை.

அந்த வீட்டை வாங்கியவர்கள் போன தை மாதம் வேலையை ஆரம்பித்தார்கள். முருங்கை போயிற்று. அந்தப் பக்கத்துத் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் ஒட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல மனுஷர்கள், கேட்டுவிட்டுத்தான் சுவரை அடைக்க ஆள் அனுப்பினார்கள். எங்கள் பக்கம் பூச வந்த கொத்தனார் இளவட்டம். ஓர் ஓட்டையைக் கரண்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னத்துக்கு ஆச்சி, நாயி போய் வரவா?" என்று கேட்டான்.

"இல்ல மக்கா, ரயிலு போறதுக்கு" என்றாள் அம்மா.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சித்தாளிடம், "ஏலே கேட்டியா, ஆச்சி தமாசு பண்ணுதா" என்றான். எனக்கு வந்த கோபத்தில் கூடத்துத் துணியை விலக்கி அவனுக்கு இஞ்சினைக் காட்டவேண்டும் என்று எழுந்துவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அவன் கலவையை அள்ளி வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"நல்லா நெரவிப் பூசிரு மக்கா. கொஞ்சம் தடம் தெரிஞ்சாலும் கண்ணு அங்கனயே போயிட்டிருக்கும்."

நன்றாகத்தான் பூசியிருக்கிறான். வெள்ளையும் அடித்தபிறகு, ஓட்டைகள் இருந்த இடம் எனக்கே சரியாகத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால் காட்டிவிடுவாள். நான் கேட்பதில்லை.