அப்பா போய்ச் சேரும்வரை கூட்டாத வீடு

வெறுங்காலில் நறநறவென்று ஒட்டும் மணல், முதல் நாள் சிந்திய சோற்றுப் பருக்கை காய்ந்து குதிகாலில் குத்துவது, கட்டிலடியிலிருந்து மின்விசிறிக் காற்றுக்கு உருண்டு வரும் தலைமுடிச் சுருள்: அப்பா ஊருக்குக் கிளம்பிப் போன நாட்களில் முதலியார்பேட்டையில் எங்கள் வாடகை வீட்டுத் தரை இப்படித்தான் இருக்கும். அம்மா சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற நாட்களில் ஒரு காகிதத் துணுக்கு கிடந்தாலும் வீட்டை இரண்டாக்கிவிடுவாள். ஆனால் அப்பாவின் லாரி சேதராப்பட்டில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஆந்திரா பக்கம் புறப்பட்டுவிட்டால், அவர் போய்ச் சேர்ந்த சேதி வரும்வரை எங்கள் வீட்டில் துடைப்பத்தை யாரும் தொடக்கூடாது.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. அப்பா வாசலில் செருப்பு மாட்டும்போது "எங்கப்பா போற?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் என் முதுகில் ஓர் அடி விழும், அவரும் உள்ளே வந்து தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்து எழுந்துதான் மறுபடி கிளம்ப வேண்டும். ஒற்றைத் தும்மல் வந்தால் அதைவிட ஆபத்து. மூக்கைப் பொத்திக்கொண்டு தோட்டத்துப் பக்கம் எத்தனையோ முறை ஓடியிருக்கிறேன். அன்றைக்கு யாரும் தலைக்குக் குளிக்கக்கூடாது என்பதால் எண்ணெய் வழிய வழியப் பள்ளிக்கூடம் போய் ஏச்சும் வாங்கியிருக்கிறேன். ஏன் என்று கேட்டால், "எங்க வீட்ல அப்டித்தான், எங்கம்மா அப்டித்தான் செஞ்சாங்க" என்பதற்கு மேல் அம்மாவிடம் பதில் கிடையாது.

அப்பாவுக்கு இதெல்லாம் கேலிக்கூத்து. "இன்னா சரசு, இன்னியிலேர்ந்து தொடப்பத்துக்கு லீவா?" என்று சிரித்துக்கொண்டே போவார். அம்மா சிரிக்க மாட்டாள். எனக்கும் சிரிப்பு வராது. அடுப்படி மூலையில் சாத்தியிருக்கும் அந்தத் துடைப்பத்தில்தான் அப்பாவின் உயிர் இருப்பதாக நான் நிஜமாகவே நம்பினேன். அது காற்றில் சரிந்து விழுந்தால்கூட அம்மாவைக் கூப்பிட ஓடுவேன்.

சேதி வருவது எதிர்வீட்டுத் தொலைபேசிக்கு. அதை "சொல்தா வீடு" என்போம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்கியவர் வீடு. அவர் காலமான பிறகு அவருடைய மனைவி தனியாக இருந்தார். தெருவே அவரை "மதாம்" என்றுதான் கூப்பிடும். மணி அடித்ததும் மதாம் மாடியிலிருந்து, "சரசு, உன் வீட்டுக்காரரு லைன்ல இருக்காரு!" என்று குரல் கொடுப்பார். அம்மா ஓடுவாள், இரண்டு வார்த்தை பேசுவாள், திரும்பி வந்த கையோடு கூட்டத் தொடங்குவாள். அந்தச் சர்ர் சர்ர் சத்தத்தைக் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பேய்மழையாகப் பிடித்துக்கொண்டது. அப்பா நெல்லூருக்குப் போயிருந்தார். சேதி வரவேண்டிய நாள் வந்தது, போனது. மதாம் வீட்டுத் தொலைபேசி ஊமையாகிவிட்டது. கரண்டும் இல்லை. விடியற்காலையில் சாக்கடை பொங்கி வீட்டுக்குள் ஏறியபோது அம்மா அரிசி டின்னையும் என் பள்ளிக்கூடப் பையையும் இருமிக்கொண்டிருந்த தம்பியையும் கட்டில் மேல் ஏற்றினாள். மழை சற்று ஓய்ந்து தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியதும், எந்த வீட்டிலும் செய்வதுபோல் துடைப்பத்தால் வாசலுக்குத் தள்ளியிருந்தால் கொஞ்ச நேரத்து வேலை. அம்மா ஒரு குண்டானை எடுத்து மொண்டு மொண்டு ஊற்றினாள். ஊற்ற ஊற்றக் கறுப்புச் சேறு தரையிலேயே தங்கியது. நாற்றம் குடலைப் பிடுங்கியது.

மதாம் சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"பச்சப் புள்ளைய வெச்சினு இந்த நாத்தத்துல இருக்கியே, தொடப்பத்த எடுத்துத் தள்ளு சரசு."

"வேணாம் மதாம். அவரு போய்ச் சேந்த சேதி வரட்டும்."

"அடிப் பைத்தியமே, பொணம் எடுத்த வீட்டத்தான் ஒடனே கூட்டிக் கழுவுவாங்கன்னு பயப்படறியா? இங்க இன்னா எழவா வுழுந்துச்சி?"

அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். மதாமும் வாயில் அடித்துக்கொண்டார். எனக்கோ அத்தனை நாள் தெரியாத காரணம் அந்த ஒரு நொடியில் தெரிந்துபோனது. ஆள் கிளம்பியதும் கூட்டினால், திரும்பி வராதவரை அனுப்பிவைத்ததுபோல் ஆகிவிடும். காரணம் தெரியாமல் பயந்தது எவ்வளவோ தேவலை என்று இப்போது தோன்றுகிறது.

மதாம் எங்கள் இருவரையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அம்மா வரவில்லை. ஆளில்லாத வீடாக விடக்கூடாதாம். மதாம் வீட்டு மேசையில் நீளமான பிரெஞ்சு ரொட்டி இருந்தது. தம்பிக்காக ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு மீதியை எப்படியோ வைத்தேன். மதாம் பாய்ந்து வந்து அதைப் புரட்டி நேராக வைத்து, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "ரொட்டிய கவுத்து வெக்கக்கூடாதும்மா, வீட்டுக்கு ஆவாது. எங்க வீட்டுக்காரரு வைவாரு." அம்மாவைப் பைத்தியம் என்றவருக்கும் ஒரு பயம் இருக்கிறது என்றால், பெரியவர்கள் யாருக்குமே தைரியம் இல்லை என்றுதானே அர்த்தம்? ஜன்னல் வழியாக எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது இரண்டு ஆண்கள் சேர்ந்து தெருவில் வந்தால், அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் வருகிறார்கள் என்று, அவர்கள் எங்கள் வாசலைத் தாண்டும்வரை கண்ணை எடுக்க மாட்டேன்.

மறுநாள் மத்தியானம் அப்பாவே வந்தார். கூடூர் தாண்டிச் சாலை அடித்துக்கொண்டு போய்விட்டதாம். லாரியை அங்கேயே ஒரு பெட்ரோல் பங்கில் விட்டுவிட்டு, கிடைத்த வண்டியெல்லாம் மாறி மாறி ஏறி வந்திருந்தார். தாடியும் சேறுமாக நின்றவரை எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னாடி இது, வீட்ட மாட்டுக் கொட்டாவா ஆக்கி வெச்சிருக்க?" என்றார். அம்மா துடைப்பத்தை எடுத்தாள். அழுதுகொண்டே கூட்டினாள். அப்பா அன்றைக்கு மட்டும் கேலி செய்யவில்லை.

அதன் பிறகு அம்மாவிடம் வாதாட யாராலும் முடியவில்லை. கூட்டவில்லை, வந்துவிட்டார், அவ்வளவுதான். அப்பா லாரி ஓட்டுவதை நிறுத்தும்வரை அந்த வழக்கமும் நிற்கவில்லை.

இன்றைக்கு என் மகள் சென்னைக்குப் பஸ் ஏறினால், திண்டிவனத்தில் ஒரு செய்தி, தாம்பரத்தில் ஒரு செய்தி என்று என் கைபேசிக்கு வந்துகொண்டே இருக்கிறது. அவள் தெருமுனை தாண்டுவதற்குள் வேலைக்கார அக்கா வீட்டைக் கூட்டித் துடைத்துவிடுகிறார். நானும் தடுப்பதில்லை. சொல்தா வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது, எதிர்வீட்டுத் தொலைபேசிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்காரும் பெண்களும் இல்லை. பயம் மட்டும் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லத் துணிவில்லை.

போன மழைக்கு முன்னால் அம்மா இறந்துபோனாள். ஆண்கள் அவளை எடுத்துக்கொண்டு தெரு திரும்பியதும், உறவுக்காரப் பெண்கள் வழக்கப்படி துடைப்பமும் வாளியுமாக இறங்கினார்கள். நானும் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அரை மணி நேரத்தில் வீடு பளிச்சென்று ஆகிவிட்டது.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய அப்பா வாசலில் கால் கழுவிவிட்டு நிமிர்ந்தவர், உள்ளே வராமல் ஈரத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"அதுக்குள்ளயா கூட்டிட்டீங்க? அவ இன்னும் போய்ச் சேந்திருக்க மாட்டாளேம்மா."