எந்தத் தியேட்டர் என்று கேட்கவில்லை

அவருக்கு டார்ச்சு அக்கா என்று பெயர் வந்தது தொழிலால். ஒரு பெரிய சினிமா தியேட்டரில் இருபத்திரண்டு வருடம் நான்கு மாதம், கையில் டார்ச்சு விளக்கோடு இருட்டில் ஆட்களுக்கு இருக்கை காட்டியவர். அந்தக் கணக்கு அவர் வாய்ச்சொல் அல்ல. எங்கள் அலுவலகத்தில் கொடுத்த பணிச் சான்றிதழில் இருந்தது. பால்கனிப் படியில் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. எலும்பில் இரும்புத் தகடு வைத்தார்கள். வேலை போயிற்று. கல்யாணம் ஆகாதவர். கூடப் பிறந்தவர் ஒரு தம்பி.

வேலை செய்ய முடியாத, துணையில்லாதவர்களுக்கான நலக் குடியிருப்பில் அவருக்கு ஓர் அறை கிடைத்தது. மூன்றாம் கட்டடம், தரைத்தளம், பதினான்காம் எண். பத்தடிக்கு எட்டடி, ஒரு ஜன்னல், கதவுக்குப் பக்கத்தில் வாக்கரைச் சாய்த்துவைக்க ஒரு மூலை. அந்தக் குடியிருப்பு அலுவலகத்தில் நான் பதிவேட்டு எழுத்தர்.

சினிமாவைப் பற்றி அவரிடம் பேச்சுக் கொடுத்தால் சிரிப்பார். "நான் பார்த்த படத்துக்கெல்லாம் தலை கிடையாது சார், வால் மட்டும்தான். முதல் அரைமணி ஆளை உக்காரவைக்கவே சரியா இருக்கும். எந்தக் கதையும் எங்க ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தெரியாது. யார் சாவாங்கன்னு மட்டும் தெரியும்."

மாதம் ஒரு நாள், முன்னறிவிப்பில்லாமல் அறை அறையாகப் போய்ப் பார்ப்போம். ஆள் இல்லையென்றால் பக்கத்து அறையில் கேட்டு, பதிவேட்டின் ஏழாம் கட்டத்தில் காரணத்தை எழுத வேண்டும். அந்தக் கட்டத்தின் தலைப்பிலேயே அச்சிட்டிருந்தது: 'சொன்னவர் சொன்னபடியே.' நான் அப்படித்தான் எழுதுவேன். ஒரு சொல்லைக் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்று இருபதுக்குப் பதினான்காம் அறை பூட்டியிருந்தது. மேற்பார்வையாளர் என் பக்கத்தில் நின்றார். எதிர் அறைப் பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நாள் முழுக்க ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் எடுத்தவர்.

"அவங்க இல்லையா?" என்றேன்.

"தியேட்டர்ல இருக்காங்க சார். பத்து மணிக்கே உள்ளே போயாச்சு. முடிய ஒரு மணி ஆகும்னாங்க."

எழுதிக்கொண்டேன். மேற்பார்வையாளர் சிரித்தார். "பழகின இடமாச்சே, கால் அங்கதான் போகும்." நானும் சிரித்தேன்.

உண்மையில், எலும்பில் இருந்த தகடு நகர்ந்து, அன்று விடியற்காலை டார்ச்சு அக்காவை ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருந்தார்கள். ரேடியோ சொன்னது ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்யும் தியேட்டரை. கட்டடம் முழுக்க ஆம்புலன்ஸைப் பார்த்திருந்தது. ஊருக்கே தெரிந்த சங்கதியை ரேடியோ மறுபடி ஒலிபரப்பவில்லை, அவ்வளவுதான். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவரிடம் ஒன்று கேட்டால் ஒன்பது சொல்வார். நான் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடப் பணிச் சான்றிதழ் என் ஞாபகத்தில் இருந்தது. அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன்.

பதிவேட்டின் ஏழாம் கட்டத்தைப் பிரதி எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது வழக்கம். ஒளிவுமறைவு இருக்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. மறுநாள் காலை ஒட்டினேன். அன்று இரண்டாம் கட்டடத்தில் இருக்கும் தன் அத்தையைப் பார்க்க ஒருவர் வந்தார். போனில் சினிமா விமர்சனம் செய்து இணையத்தில் போடுகிறவர். விமர்சகர் என்றே எல்லோரும் சொல்வோம். அதற்கு முந்தின வாரம், வீட்டை விட்டுத் துரத்தப்படும் ஒரு கிழவியின் கதையைப் பற்றிப் பேசியிருந்தார். ஐந்து நிமிட வீடியோவில் மூன்று தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'மனுஷனாப் பொறந்தவன் பார்க்க வேண்டிய படம்' என்றார்.

அவர் பலகையைப் படம் பிடித்தார். சாயங்காலம் வீடியோ வந்தது.

"நம்ம வரிப்பணத்துல ரூம். காலைக் காட்சிக்கு மட்டும் இடுப்பு வலிக்காது! மூணு மணி நேரம் அங்க உக்கார முடியும்னா ஒரு வேலையில உக்கார முடியாதா? என்ன படம்னு தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க!"

வெள்ளிக்கிழமை மாலைக்குள் இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். கருத்துகள் ஆயிரத்து நூற்று இருபத்தாறு. எல்லாவற்றையும் படித்தேன். திட்டியவர்களில் பெரும்பாலோரின் முகப்புப் படத்தில் பூவோ, சாமியோ, கைக்குழந்தையோ இருந்தது. 'இது உண்மையா?' என்று கேட்டவர்கள் நான்கு பேர். ஒருவர் மட்டும், 'பாவம், ஒரு படம் பார்த்தா பார்த்துட்டுப் போகட்டுமே' என்று எழுதியிருந்தார். அவரைத் திட்டி நாற்பத்தொரு பதில்கள். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

மேலிடத்திலிருந்து போன் வந்தது. சனிக்கிழமை பதினான்காம் அறைக் கதவில் ஏழு நாளுக்குள் விளக்கம் கேட்டுக் கடிதம் ஒட்டினார்கள். டார்ச்சு அக்கா ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தார். கதவில் ஒட்டிய கடிதத்தைக் கட்டிலில் படுத்துக்கொண்டு படிக்க முடியாது. எட்டாம் நாள் ஒதுக்கீடு ரத்தாயிற்று, பூட்டு மாறியது. ரேடியோவுக்குப் படிக்கத் தெரியாது; பூட்டு மாறியதைப் பார்த்த பிறகுதான், ஒன்பதாம் நாள், அலுவலகத்துக்கு ஓடி வந்து ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னார்.

டார்ச்சு அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி வீட்டுக்குப் போய், அங்கிருந்து அலுவலகத்துக்கு வந்தார். வாக்கரை மேசை மேல் சாய்த்துவிட்டு, கையிலிருந்த பெரிய உறையிலிருந்து எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்ன படம்னு எல்லாரும் கேட்டாங்களாமே. இதுதான் சார் அந்தப் படம். ஹீரோ இல்லை, பாட்டு இல்லை. நாலு ஸ்க்ரூ இருக்கு."

மேற்பார்வையாளர் எக்ஸ்ரேயைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார். கெட்டவர் அல்ல, பயந்தவர். "எனக்குப் புரியுதும்மா. ஆனா ரெண்டு லட்சம் பேர் பார்த்தாச்சு. நாங்கதான் தப்பா எழுதிட்டோம்னு இப்ப சொன்னா எங்க எல்லாரையும் கிழிச்சுத் தொங்கவிடுவாங்க. மேல விசாரணை வைப்பாங்க. அது முடியறதுக்குள்ள உங்க ரூமை வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கறவங்களுக்குக் கொடுத்துடுவாங்க."

"அப்ப நான் எங்க போறது?"

"ஒரு வழி இருக்கு. தெரியாம சினிமாவுக்குப் போயிட்டேன், இனிமே போக மாட்டேன், மன்னிச்சிடுங்கன்னு ஒரு கடிதம். மன்னிப்புக் கேட்டா ஜனங்க விட்டுடுவாங்க. நாளைக்கே சாவி கொடுத்துடறேன்."

டார்ச்சு அக்கா எக்ஸ்ரேயைக் கீழே இறக்கினார். பிறகு கேட்டார்: "சரி, நான் நிஜமாவே போயிருந்தேன்னு வைங்க. ஒரு படம் பார்த்தா என்ன சார் தப்பு? ரூம் கொடுத்தா சிரிக்கக்கூடக் கூடாதுன்னு ரூல் இருக்கா?"

"ரூல் இல்லைம்மா."

"பின்னே?"

மேற்பார்வையாளர் மறுபடி மின்விசிறியைப் பார்த்தார்.

தம்பி வெளியே வண்டியில் இருந்தபடி ஹாரன் அடித்தார். டார்ச்சு அக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி வீட்டுல கதவுக்குப் பின்னாடி படுத்திருக்கேன். கதவைத் திறக்கறப்பெல்லாம் வாக்கர் மேல இடிக்குது. தம்பி பொண்டாட்டி ஒரு வார்த்தை சொல்லலை, நல்ல பொண்ணு. கதவைத்தான் சத்தமா திறக்குது." எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டார். "எழுதிடுங்க சார்."

"நான் எழுதறதா? உங்களுக்கு எழுதத் தெரியுமே," என்றேன்.

"ஆரம்பிச்சு வச்சது நீங்கதானே. முடிச்சும் வைங்க."

மேற்பார்வையாளர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒன்பது வரி. அதில் ஒரு வரிகூட உண்மை இல்லை. டார்ச்சு அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு சார்" என்றார். இகழ்ச்சியா பாராட்டா என்று அவர் குரலில் தெரியவில்லை.

மறுநாள் சாவி கொடுத்தார்கள். கடிதத்தைப் பலகையிலும் ஒட்டினார்கள். விமர்சகர் வந்து அதையும் படம் பிடித்துப் போட்டார். 'ஒப்புக்கிட்டாங்க!' என்று தலைப்பு. மூன்று லட்சத்து எண்பதாயிரம் பேர் பார்த்தார்கள். 'மனிதாபிமானத்தோடு மன்னித்த அதிகாரிகளுக்கு நன்றி' என்று பலர் எழுதினார்கள். ரேடியோ அதன் கீழே தன் மருமகனை விட்டு உண்மையை எழுதவைத்தார். 'கதை விடாதீங்க, அவங்களே ஒப்புக்கிட்டாச்சு' என்று பதில் வந்தது.

குழாயடியில், மருந்து வரிசையில், யாராவது கேட்பார்கள்: "அக்கா, இன்னைக்கு என்ன படம்?" "ஹவுஸ்ஃபுல்" என்று சொல்லிவிட்டு நடப்பார். கேட்டவர்களும் அதே மாதிரி அறையில், அதே மாதிரி பயத்தோடு இருந்தவர்கள்தான். சிரித்தால் தாங்கள் வேறு சாதிப் பேர்வழிகள் ஆகிவிடலாம் என்று நினைத்தார்களோ என்னவோ.

நான் ஓய்வுபெற இரண்டு வாரம் இருந்தபோது ஒரு திருத்தச் சீட்டு தயார்செய்தேன். 'தியேட்டர் என்பதை அறுவை சிகிச்சை அரங்கம் என்று படிக்கவும். கேட்டுத் தெளியாதது எழுத்தரின் பிழை.' ஆஸ்பத்திரிச் சான்றிதழின் பிரதியையும் சேர்த்தேன். பதிவேட்டில் ஒட்டுவதற்கு முன் டார்ச்சு அக்காவிடம் காட்டப் போனேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"இதை ஒட்டினா என்ன ஆகும்?"

"உண்மை பதிவாகும்."

"அப்ப நான் கொடுத்த லெட்டர் பொய்னும் பதிவாகும். பொய்த் தகவல் கொடுத்தா ரூம் ரத்துன்னு வாசல்ல போர்டே இருக்கே."

அது பத்தொன்பதாம் விதி. அந்த விதியை நான்தான் பிரதி எடுத்துப் பலகையில் ஒட்டியிருந்தேன். சீட்டு எழுதும்போது அது என் மனசுக்கு வரவில்லை.

சீட்டை மடித்து என் கையில் வைத்தார். "வேண்டாம் சார். ரூம் இருக்கட்டும். நான் இருக்கற வரைக்கும் படத்துக்குப் போனவளாவே இருந்துட்டுப் போறேன்."

அதற்குப் பிறகு மூன்று வருடம் இரண்டு மாதம் இருந்தார். சென்ற மாதம் எட்டாம் தேதி, அதே அறையில் இறந்தார். பதினைந்தாம் தேதி அறையை வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். இனிமேல் ரத்து செய்ய எதுவுமில்லை என்பதால், பதினாறாம் தேதி சீட்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். என் நாற்காலியில் இப்போது இருக்கும் பெண் மரியாதையாக எழுந்து நின்று உட்காரச் சொன்னார்.

"பழைய பதிவேடெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு அழிச்சாச்சு சார். இருங்க, பார்க்கறேன்." தட்டிப் பார்த்தார். "பதினான்காம் நம்பர், அந்தத் தேதியில ஆள் இல்லை. காரணம்: பொழுதுபோக்கு."

"நான் அந்த வார்த்தையை எழுதவே இல்லையேம்மா."

"நீங்க எழுதினது நீளமா இருந்திருக்கும் சார். ஏத்தினவங்க சுருக்கிட்டாங்க."

"இதை அங்க சேர்க்க முடியுமா?" என்று சீட்டை நீட்டினேன்.

படித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது. திரையையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆள் இறந்துட்டா கம்ப்யூட்டர்ல அவங்க பக்கம் பூட்டிக்கும் சார். திறக்காது."