அக்கா வளர்த்த ‘காட்டுச் சாமான்கள்’

உறவுகளே, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் உங்கள் குடும்பப் படம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று புரட்டிப் பார்த்திருப்பீர்கள். இல்லை. இது எங்கள் அக்கா இறைவனிடம் சென்று ஓராண்டு நிறைவதையொட்டி அவருக்காக மட்டும் அச்சிட்டது. தங்கையாகிய நான் எழுதுகிறேன்.

அக்கா கட்டைபறிச்சானில் பிறந்தவர். அண்ணாவுக்கு அடுத்தவர். எனக்கு மூத்தவர். யுத்த காலத்தில் ஊர் எரிந்தபோது அம்மாவையும் எங்களையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் ஓடியவர் அவர்தான். வீரை மரங்களின் கீழே படுத்தோம். பாலைப்பழம் பொறுக்கித் தின்றோம். பழத்தின் பால் உதட்டில் ஒட்டி அண்ணா வாய் திறக்க முடியாமல் நின்றதைப் பார்த்து, அந்த நேரத்திலும் அக்கா சிரித்தார். பிறகு அண்ணா கனடாவுக்குப் போனார். அக்கா மூதூர்த் தபாற்கந்தோரில் வேலை எடுத்து அம்மாவைக் கடைசிவரை பார்த்தார். திருமணம் செய்யவில்லை. அதைப் பற்றி நீங்கள் கதைத்ததெல்லாம் அவர் காதுக்கும் வந்தது.

பாலையூற்றில் அக்கா காணி வாங்கியபோது அதில் ஒரு வீரை நின்றது. வீடு கட்ட வந்த மேசன் வெட்டச் சொன்னார். அக்கா சுவரைத் தள்ளிக் கட்டச் சொன்னார். பிறகு பாலை, கொன்றை, வேலியோரம் கிளா, வாசலில் வெட்சி என்று இந்த மண்ணிலேயே முளைப்பவற்றை நட்டார். மூதூரில் அவருடன் வேலை பார்த்த முஸ்லிம் நானா ஒருவர் விதைகளைப் பொட்டலம் கட்டி, கடல் கடக்கும் லோஞ்சில் கொண்டுவந்து கொடுப்பார். நீங்கள் வந்தால் மூக்கைச் சுளிப்பீர்கள். உங்களுக்கு முற்றம் என்றால் கார்பெட் புல்லும் தொட்டியில் குரோட்டனும்தான். ஊரின் பெயரிலேயே பாலை இருக்கிறது. அந்த மரத்தைக் காட்டினால் “இதென்ன மரம்?” என்று கேட்பவர்கள் நீங்கள்.

அண்ணா ஒருமுறை வந்து நின்றபோது கேட்டார். “என்ன பிள்ளை, காடு வளர்க்கிறியோ?”

“ஓம் அண்ணா. நீங்கள் தின்ற காடுதான்.”

அண்ணா மரங்களுக்கு முதுகைக் காட்டி உள்ளே போய்விட்டார்.

தன் மகளின் கலியாணத்தை அக்காவின் முற்றத்தில் வைக்கவென்று அண்ணா மறுபடி வந்து அங்கே தங்கியிருந்த சமயத்தில்தான் அக்காவுக்குக் கொழும்பில் இருதய சத்திரசிகிச்சை நடந்தது. நான் கூடப் போயிருந்தேன். நாங்கள் திரும்பி வந்து வான் வாசலில் நின்றபோது, வேறு வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தேன். முற்றம் முழுக்கச் சிவப்பு இன்ரர்லொக் கல் பதித்திருந்தது. ஒரு மரமும் இல்லை. இரண்டு பக்கமும் குரோட்டன் தொட்டிகள். அண்ணா கைகளை விரித்துக்கொண்டு வந்தார்.

“எப்பிடி சர்ப்பிரைஸ்? இப்பதான் வீடு மாதிரி இருக்கு. வீடியோவிலயும் வடிவாய் விழும்.”

அக்கா நெஞ்சில் தையலோடு மெதுவாக இறங்கினார். முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். “மரங்கள் எங்க?”

“விறகுக்குக் குடுத்திட்டம். காட்டுச் சாமான்தானே.”

“கலியாணத்தை மண்டபத்தில வையுங்கோ அண்ணா. இந்த முற்றத்தில ஏலாது.”

அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய்க் கதிரையில் இருந்து தண்ணீர் கேட்டார். அக்கா அழுததை நான் கண்டது அன்று ஒருநாள்தான்.

கலியாணம் மண்டபத்தில் நடந்தது. எங்கள் இருவருக்கும் அழைப்பில்லை. “மரத்துக்காகச் சகோதரத்தை முறித்தவள்” என்று பெயர் வைத்தீர்கள். சத்திரசிகிச்சை முடிந்து வந்தவரை எட்டிப் பார்க்க நேரமில்லாத உங்களுக்கு அந்தப் பெயரைப் பரப்ப மட்டும் நேரம் இருந்தது. அண்ணா ஏன் அப்படிச் செய்தார் என்று நான் பலநாள் யோசித்தேன். காட்டை அவர் மறந்துவிட்டார் என்று முதலில் நினைத்தேன். இல்லை. நினைவு இருந்தபடியால்தான் வெட்டினார். மருமகனின் ஆட்கள் முன்னால் காட்டில் கிடந்த அந்தப் பசி மரமாக நிற்பது அவருக்கு வெட்கம்.

உடம்பு தேறியதும் அக்கா ஆள் பிடித்துக் கற்களைக் கிளப்பிக் கோவில் வளவுக்குக் கொடுத்துவிட்டார். கல்லுக்குக் கீழே வீரையின் அடிக்கட்டையில் வெளிறிய துளிர்கள் வளைந்து கிடந்தன. அக்கா நிலத்தில் குந்தியிருந்து அவற்றை விரலால் நிமிர்த்தினார். பாலை செத்துப்போயிற்று. அதற்குப் புதுவிதை போட்டார். “இது எப்ப வளர்ந்து, எப்ப நிழல் தர?” என்று முன்வீட்டுக்காரர் சிரித்தார். “உங்களுக்கில்லை, பயப்படாதேங்கோ” என்றார் அக்கா.

சென்ற ஆண்டு அதிகாலையில் தூக்கத்திலேயே போனார். அவரது அடக்கத்துக்கு நீங்கள் கொண்டுவந்த பிளாஸ்டிக் மலர்வளையங்களை மறுநாளே கல்லறையிலிருந்து அகற்றியவள் நான்தான். தேடவேண்டாம்.

நன்றி சொல்லவேண்டியவர்கள் மிகச் சிலரே. மழையிலும் வந்து நற்கருணை கொடுத்த பங்குத்தந்தை. தள்ளாத வயதிலும் மூதூரிலிருந்து வந்து, கல்லறையில் தன் கையால் வெட்சி நட்ட நானா. அக்காவைக் குளிப்பாட்டி உடுப்பாட்டிய பின்வீட்டுப் பெண். இவர்களை என் உயிருள்ளவரை மறவேன். மற்றவர்கள் வந்து சாப்பிட்டுப் போனீர்கள்.

இந்த மலருக்கு அண்ணாவும் ஓர் அஞ்சலி அனுப்பியிருந்தார். ‘எமது முற்றத்தைச் சோலையாக்கிய அன்புத் தங்கை’ என்று தொடங்கியது. நான் அதை அச்சுக்குக் கொடுக்கவில்லை. தொலைபேசியில் கேட்டார்.

“ஏன் பிள்ளை போடேல்லை?”

“பொய் எண்டபடியால்.”

“அப்ப அந்தப் பக்கத்தில என்ன போடப்போறாய்?”

“ஒரு பூ.”

அடுத்த பக்கத்தில் நீலமாக இருப்பது காயாம்பூ. இந்த மாவட்டத்துப் பற்றைகளில் நீங்கள் பிறந்த நாள்தொட்டுப் பூக்கிறது. பெயர் தெரியாதவர்கள் இப்போதாவது வாசித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.