ஆரத்தியில் பிழிந்த எலுமிச்சை

எங்கள் வீட்டுக்கு வந்த மருமகளின் பெயரைக் கெடுத்தது நான்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ரசாயனம் படித்தே தீருவது என்ற பிடிவாதம் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் பதினொன்றாம் வகுப்புப் படித்தேன். இணை அமிலம், இணை காரம் என்ற பாடம் மட்டும் ஏறவேயில்லை. அமிலம் ஒரு புரோட்டானைக் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது அதன் இணை காரம்; அந்தக் காரம் புரோட்டானைத் திரும்பப் பெற்றால் மறுபடி அதே அமிலம். மனப்பாடமாக ஒப்பித்தேன். வாத்தியார் சிரித்தார்.

"கிளிகூடச் சொல்லும். திங்கக்கெழம உங்கூட்டுச் சாமான்லயே ஒரு சோடி காட்டு. இல்லீன்னா வரலாறு படிக்கப் போயிரு சாமி."

வகுப்பே சிரித்தது. காட்டாமல் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறன்று அண்ணன் கல்யாணம். கோயிலில் தாலி கட்டிவிட்டு, பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டு வாசலுக்கு வரும் நேரம். அத்தை மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைத்து வைத்துவிட்டு, வெற்றிலை எடுக்க உள்ளே போனார். செக்கச்செவேலென்றிருந்த அந்தத் தட்டைப் பார்த்ததும் பொறி தட்டியது. மஞ்சள்தான் அமிலம். சுண்ணாம்பு அதன் புரோட்டானைப் பறித்துக்கொண்டது. இந்தச் சிவப்பு அதன் இணை காரம். அப்படியானால், புரோட்டானைத் திருப்பிக் கொடுத்தால்?

விருந்தாளிகளுக்குக் கொடுக்கக் கூடை நிறைய எலுமிச்சம்பழம் இருந்தது. ஒன்றை அரிந்து முழுதாகப் பிழிந்தேன். சிவப்பு கலைந்து, தட்டு பழையபடி மஞ்சளாக நின்றது. புரிந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்குமுன் நான் அறிந்ததில்லை.

திரும்பச் சிவப்பாக்குவதற்குச் சுண்ணாம்பு எடுத்து வருவதற்குள் தட்டு வாசலுக்குப் போயிருந்தது.

"ஏனுங்க, ஆரத்தி வெளுத்துக் கெடக்குது" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. அம்மா தட்டைப் பார்த்தார். பிறகு நங்கையைப் பார்த்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நான் விரலில் சுண்ணாம்போடு கதவோரம் நின்றேன்.

திங்கட்கிழமை வகுப்பில் செய்து காட்டினேன். வாத்தியார் முதுகில் தட்டிக்கொடுத்தார். வீட்டில் எருமைக்கன்று செத்தாலும் கிணறு வற்றினாலும் அம்மா ஒன்றையே சொன்னார்: "அடியெடுத்து வெக்கும்போதே ஆரத்தி சொல்லிப்போடுச்சு."

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மாட்டுக்கொட்டகைக்குப் போய் நங்கையிடம் சொல்லிவிட்டேன்.

"தெரியுஞ் சாமி" என்றாள். "மூஞ்சிக்கு நேராச் சுத்துனாங்கல்ல, எலுமிச்ச வாசம் அடிச்சுது. நீ சுண்ணாம்புக் கையோட நின்னதையும் பாத்தேன்."

"அப்பறம் ஏன் அம்மாகிட்டச் சொல்லல?"

"வந்த அன்னைக்கே கொழுந்தன மாட்டிவுடறதா?" சாணிக் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள். "போ, போயிப் படி."

விஷயம் முடிந்தது என்று நிம்மதியாகப் படிக்கப் போனேன். நானே அம்மாவிடம் சொல்வேன் என்று அவள் காத்திருந்தாள் என்பது, அம்மாவின் பாடை அந்த வாசலைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.