அக்காவின் பின்சில்லு

எங்கள் முதல் நூறு மைல் சைக்கிள் ஓட்டத்துக்கு அக்காவும் நானும் ஞாயிறு காலைகளில் வெள்ளவத்தையிலிருந்து நீர்கொழும்புவரை ஓடிப் பழகினோம். எப்போதும் அக்கா முன்னால். நான் அவளுடைய சைக்கிளின் பின்சில்லை ஒட்டியபடி போவேன்.

“கொஞ்சம் கெதியா மிதியன் அக்கா, எனக்குக் களைக்கவே இல்லை” என்று நச்சரிப்பேன்.

“நீ கதைக்காமப் பின்னால வா” என்பாள், மூச்சு வாங்க.

ஓட்டத்துக்கு முந்திய மாதம் டெங்குக் காய்ச்சலில் அக்கா போய்விட்டாள்.

பெயர் கொடுத்தாயிற்றே என்று ஒரு ஞாயிறு தனியே புறப்பட்டேன். பேலியகொடைப் பாலத்தில் ஏறியதும் எதிர்க்காற்று நெஞ்சில் அறைந்தது. எவ்வளவு மிதித்தும் சைக்கிள் நகரவில்லை. இந்தப் பாலத்தில் இப்படிக் காற்றடித்ததே இல்லையே என்று நினைத்தேன். அடித்துத்தான் இருக்கிறது. எனக்கும் சேர்த்து அக்கா வாங்கியிருக்கிறாள்.

இறங்கி நின்று அழுதேன்.

இப்போதும் ஓடுகிறேன். யாருடைய பின்சில்லையும் ஒட்டிப் போக மனம் வருவதில்லை.